ஏழு ஆணி, ஆறு பிளேட்டு

போட்டோகிராபர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். நான் தொழிலை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் ஒருவர் தன் புதுக் கேமராவைக் காட்டினார். ஒரு நொடியை ஆயிரமாக வெட்டி, அதில் ஒரு துண்டில் படம் எடுத்துவிடுமாம். ஓடுகிற பஸ்ஸின் சக்கரம் அவர் படத்தில் அசையாமல் நின்றது. "உங்க காலத்துல அரை நொடி, ஒரு நொடின்னு லென்ஸைத் திறந்து வைப்பீங்களாமே. உசுருள்ளது எதையும் எப்படிய்யா எடுத்தீங்க?" என்று கேட்டார்.

அங்கே நான் சொன்னது பாதிதான். மீதியை எழுதி வைக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கீழக்குயில்குடி. மலையடியில் கொஞ்சம் மானாவாரி நிலம், எனக்கு மூத்தவர்கள் மூன்று பேர். நிலம் அவர்களுக்கே போதவில்லை. பதினாறு வயதில் மதுரைக்கு வந்து, மேல ஆவணி மூல வீதியில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். இரண்டு வருஷம் தொட்டி கழுவினேன், மூன்று வருஷம் கண்ணாடி பிளேட்டு கழுவினேன், அப்புறம் இருட்டறை. எட்டாவது வருஷம் என்னைத் தனியாக வெளிவேலைக்கு அனுப்பினார்கள். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மருந்து பட்டு நகம் பழுப்பாகிப் போனது, அவ்வளவுதான்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவிந்தசாமி நாயுடு என்று பெயர். சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டார். படம் எடுக்க வந்தவர்களை அவர் தொட்டுத் திருப்பியதே இல்லை. முகம் இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால், இவர் அந்தப் பக்கமாக மெதுவாக நடந்து போய், "உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்பார். பதில் சொல்ல அவர்கள் தாமாகத் திரும்புவார்கள். கழுவிய பிளேட்டு ஈரமாக இருக்கும்போதே அதைக் கோட்டுக் கையின் கறுப்பில் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார். அப்படிப் பார்த்தால் நெகட்டிவ் ஒரு கணம் சரியான முகமாகத் தெரியும். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் தாங்கியில் செருகிவிடுவார். கெட்டுப்போயிருந்தால் நம் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "இவரு யாரு?" என்று கேட்பார். பெயரைச் சொன்னால், "அவுக ஆத்தா பாத்தா அடையாளம் தெரியுமா?" என்பார். சத்தம் போட மாட்டார். அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் தொழில் கற்றேன்.

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி, ஒரு மாசி மாதம், பேரையூர்ப் பக்கத்துப் பண்ணை ஒன்றின் காரியஸ்தர் ஸ்டுடியோவுக்கு வந்தார். சங்கரலிங்கம் என்று பெயர், நெற்றி நிறையத் திருநீறு. பண்ணையாரின் சவாரிக் குதிரை நொண்டிப் போய்விட்டதாம். லாடம் அடித்தவன் ஆணியைச் சதையில் இறக்கிவிட்டானாம். பண்ணையார் ஒரு வழக்கு விஷயமாகச் சென்னையில் இருந்தார். அவர் வந்து பார்ப்பதற்கும் வக்கீலிடம் கொடுப்பதற்கும், லாடத்தைக் கழற்றும்போது படிப்படியாகப் படம் எடுக்க வேண்டும் என்றார். நாயுடு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டு பிளேட்டு கொள்ளும் ஸ்லைடு மூன்று. ஆக ஆறு படம். மரப்பெட்டிக் கேமராவும் முக்காலியுமாக மறுநாள் விடியலில் பஸ் ஏறினேன்.

கேமராவை மடியில் வைத்துக்கொண்டேன். திருப்பரங்குன்றம் தாண்டியதும் ரோடு தூக்கிப் போட ஆரம்பித்தது. பக்கத்தில் ஐம்பது வயதிருக்கும் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை சிறுசிறு தீத்தழும்புகள். காலடியில் ஒரு சாக்குப்பை, பஸ் குலுங்கும்போதெல்லாம் அதில் இரும்புச் சத்தம். அவர் தம் தோளில் கிடந்த கம்பளித் துண்டை எடுத்து மடித்து, என் பெட்டிக்கு அடியில் செருகினார்.

"உள்ள கண்ணாடி இருக்கு போல. ரெண்டு கண்ணாடி ஒண்ணோட ஒண்ணு தட்டுது. இது மேல வச்சுக்கிருங்க தம்பி."

பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு ஸ்லைடின் கொக்கி சரியாக விழாமல் இருந்தது. அத்தனை இரைச்சலில் அது அவர் காதுக்கு எப்படி எட்டியது என்று அப்போதே வியப்பாக இருந்தது.

எந்த ஊர், என்ன வேலை என்று பேசிக்கொண்டு வந்தபோது, இரண்டு பேரும் ஒரே பண்ணைக்குத்தான் போகிறோம் என்று தெரிந்தது. அவர் பெயர் கரீம் பாய். மதுரையில் ஜட்கா வண்டிப் பேட்டைக்கு எதிரே லாடம் அடிக்கும் பட்டறை வைத்திருந்தார்.

"அந்தக் குதிரைக்கு மூணு வாரத்துக்கு முந்தி லாடம் அடிச்சவன் நான்தான். நான்தான் கெடுத்தேன்னு சொல்லுறாக. விசயம் பேட்டைக்கு வந்துருச்சு. நாலு நாளா எங்கிட்ட ஒரு குதிரை வரலை" என்றார். குரலில் கோபம் இல்லை. "நானே வந்து கழட்டிக் காட்டுறேன்னு சொல்லி அனுப்பிச்சேன். என் ஆணி சதையில போயிருந்தா, இன்னையோட சுத்தியலைக் கீழ வச்சுருவேன் தம்பி. குதிரைக்குக் குணமாகலைன்னா வர்ற வாரம் சுட்டுருவாக. அதான் எனக்குக் கவலை."

என்னை எதற்காக அழைத்திருக்கிறார்கள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

பண்ணையில் வேப்பமர நிழலில் குதிரையை நிறுத்தியிருந்தார்கள். செவலைக் குதிரை. வலது முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நுனியை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றது. உடம்பு முழுதும் வேர்வை, விலா எலும்பு தெரிந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலு, கயிற்றைப் பிடித்தபடி அதன் கழுத்தில் நெற்றியை வைத்து நின்றார். அவர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று யாரோ சொன்னார்கள்.

எனக்கு வெளிச்சம் போதவில்லை. நிழலில் அரை நொடியாவது லென்ஸ் திறந்திருக்க வேண்டும். குதிரையை வெயிலுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன்.

"ஒரு அடி வச்சாலும் அதுக்கு உசுரு போகும். நீங்கதான் கிட்ட வரணும்" என்றார் பாய்.

பக்கவாட்டில் ஐந்தடி தூரத்தில் முக்காலியைத் தாழ்த்தி வைத்தேன். பின்னங்கால் உதைத்தால் எட்டுகிற இடம். கறுப்புத் துணியைத் தலையில் போட உதறினேன். குதிரை வெலவெலத்துப் பின்வாங்கியது.

"தம்பி, அந்தத் துணியை அதுக்கிட்டக் காட்டுங்க. மோந்து பாத்துக்கிரட்டும்."

துணியைக் கொண்டுபோய் அதன் மூக்குக்கு நேரே நீட்டினேன். சூடான மூச்சு என் கையில் பட்டது. இருட்டறை மருந்து வாடையை மோந்து, உதட்டை ஒருமுறை சுருக்கி, அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன்பின் அன்றைக்கெல்லாம் அந்தத் துணியைப் பார்த்து அது பயப்படவில்லை.

பாய் குதிரையின் தலையை நோக்கி நிற்காமல், வாலை நோக்கித் திரும்பிக்கொண்டார். அதன் தோளில் கையை வைத்தார். அந்தக் கை தோளிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து கணுக்கால் என்று விட்டுப் பிரியாமல் இறங்கியது. உருதுவில் ஏதோ முனகினார். எனக்கு விளங்கியது, மகனே என்று அர்த்தப்படும் 'பேட்டா' என்கிற ஒரு வார்த்தைதான். குதிரை தானே காலைத் தூக்கிக் கொடுத்தது. அதைத் தம் இரண்டு தொடைகளுக்கும் நடுவில் வாங்கி, முழங்கால்களை நெருக்கி, குனிந்து நின்றார். குளம்பின் அடிப்பக்கம் லாடத்தோடு மேலே பார்த்தபடி அவர் மடியில் இருந்தது. முதல் பிளேட்டை அப்படியே எடுத்தேன்.

அப்புறம் புறங்கையால் குளம்பைச் சுற்றித் தடவினார். "சூடு இருக்கு. உள்ள சீழு கட்டியிருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். காரியஸ்தர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வெளிப்பக்கம் நான்கு, உட்பக்கம் மூன்று என்று ஏழு ஆணிகள். குளம்பின் வெளிச்சுவரில் மடங்கியிருந்த ஆணி நுனிகளை அரத்தால் ராவி எடுத்தார். ஒவ்வோர் ஆணியாகக் குறட்டால் பிடித்து, திருகாமல், போன வழியிலேயே நேராக உருவினார். உருவியதும் அதை விரல்களில் துடைத்துப் பார்ப்பார், மூக்கருகில் கொண்டுபோய் மோப்பார். பிறகு தரையில் விரித்திருந்த வெள்ளைத் துணியில், குளம்பில் இருந்த அதே வரிசையில் வைப்பார். நல்ல ஆணி காய்ந்து வரும், சதையில் போன ஆணி ஈரமாகவும் நாற்றத்தோடும் வரும் என்று சொன்னார். ஏழும் காய்ந்தே வந்தன. ஆறாவதை உருவும்போது மட்டும் அவர் கை ஒரு கணம் நின்றதைப் பார்த்தேன். அந்த வெள்ளைத் துணியை இரண்டாவது பிளேட்டில் எடுத்தேன்.

காரியஸ்தரின் முகம் மாறிவிட்டது. ஆணிதான் காரணம் என்று அவர் பண்ணையாருக்கு ஏற்கெனவே தந்தி கொடுத்திருந்தார். சொன்ன சொல் விழக் கூடாது என்பதுதான் அவர் கவலையே தவிர, பாயின் மேல் அவருக்கு வேறு பகை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

பாய் லாடத்தை எடுத்துவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரைக் குளம்பின் அடியில் ஊற்றிக் கழுவினார். மண் கரைந்து, ஆணித்துளை ஒன்றின் வழியாக அழுக்குத் தண்ணீர் கோடாக வழிந்தது.

"இப்ப எடுங்க தம்பி. இதைத்தான் எடுக்கணும்" என்றார் காரியஸ்தர், என் காதோரமாக.

அந்தக் காலத்துப் பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு எல்லாம் கறுப்பாகவே விழும். அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கு வைத்துக்கொள்ள முடிந்தது. படத்தில் அந்த ஈரக் கோடு தண்ணீரா ரத்தமா என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அது தெரியும். லென்ஸைத் திறந்து மூடும் ரப்பர் பந்து என் கையில் இருந்தது. அழுத்தினேன். மூன்றாவது பிளேட்டு.

பாய் நிமிரவில்லை. சிறு சுத்தியலை எடுத்து, ஏழு துளைகளின் மேலும் ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினார். குதிரை சும்மா இருந்தது. ஏழையும் இரண்டு முறை தட்டினார். வேலு குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டே, "அசையலைண்ணே" என்றார். பிறகு குளம்பின் நடுவில் முக்கோணமாக இருக்கும் மெத்தைப் பகுதியின் ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். குதிரை முழு உடம்போடு துள்ளியது. அந்தத் துள்ளலில் பந்து அமுங்கி, நான்காவது பிளேட்டு வீணாகப் போய்விட்டது. என் மேல் உதை விழவில்லை என்றால் அது பாய் காலை விடாமல் பிடித்திருந்ததால்தான். அவர் முதுகு வேப்பமரத்தில் மோதியது. விடவில்லை.

"இங்கதான். ஆணி இல்ல, இது வேற" என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு.

நுனி வளைந்த கத்தியை எடுத்தார். வெங்காயச் சருகு போல ஒரு சீவல், அதன் மேல் இன்னொரு சீவல். பத்துப் பதினைந்து சீவலுக்குப் பின் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. மதுரையில் கல்லில் சிற்பம் செதுக்குகிறவர்களை நான் படம் எடுத்திருக்கிறேன். அந்தக் கல்லுக்கு வலி கிடையாது. இவர் வலிக்கும் ஒன்றின் மேல், அது வலிக்காதபடி, மயிரிழை மயிரிழையாக இறங்கிக்கொண்டிருந்தார். அந்தப் புள்ளியை நான் ஐந்தாவது பிளேட்டில் எடுத்தேன்.

"தம்பி, இப்ப திறக்கப் போறேன். வெளிச்சம் பத்துமா?"

"பத்தாது பாய். ஒரு நொடி வேணும்."

வேலு தம் தலைப்பாகையை அவிழ்த்தார். வெள்ளைத் துணி, நான்கு முழம் இருக்கும்.

"அதெல்லாம் வேண்டாம்டா" என்றார் காரியஸ்தர்.

வேலு அவரைப் பார்க்கவே இல்லை. களத்தில் நின்ற இரண்டு பேர் வந்து, துணியின் இரண்டு முனைகளையும் பிடித்து, வெயிலில் விரித்து நின்றார்கள். அதில் பட்ட வெளிச்சம் மரத்தடியில் அடித்தது. அது நேராகப் பாயின் மடியில் விழுந்தது.

கத்தி நுனி ஒரு தடவை திரும்பியது. கருஞ்சாம்பல் நிறத்தில் சீழ் பீறிட்டது. நாற்றம் எங்கள் எல்லோரையும் ஓர் அடி பின்னுக்குத் தள்ளியது. அதற்கு நடுவில், உள்ளே ஒடிந்து கிடந்த உடைமரத்து முள்ளின் முனை வெள்ளையாக நின்றது. குதிரை நடுங்கியது. தோள், விலா, வால் எல்லாம் காற்றில் ஆடும் இலை மாதிரி. இந்த நடுக்கத்தில் ஒரு நொடி திறந்தால் என்ன விழும் என்று எனக்குத் தெரியும். வேறு வழியில்லை.

"புடிச்சிருக்கேன். எடுங்க" என்றார் பாய்.

பந்தை அழுத்தினேன். அவர் மூச்சை நிறுத்தியது தெரிந்தது. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்று என்று மனதில் சொல்லிப் பந்தை விட்டேன். முள்ளை அவர் உருவி வெள்ளைத் துணியில், ஏழு ஆணிக்குப் பக்கத்தில் வைத்தார். ஓர் அங்குலத்துக்குக் குறையாது. குதிரை ஒரு பெருமூச்சு விட்டுத் தலையை வேலுவின் தோளில் போட்டது. வேலு அழுதுகொண்டிருந்தார்.

அதைப் படம் எடுக்க என்னிடம் பிளேட்டு இல்லை.

அன்று மாலையே மதுரை வந்து, ஆறு பிளேட்டையும் கழுவினேன். ஆறாவதைத் தொட்டியிலிருந்து தூக்கியதும் மனது விட்டுப்போயிற்று. குதிரை உருவமே இல்லை, புகை மாதிரி கலைந்திருந்தது. வேலுவின் முகமும் அப்படியே. கெட்ட பிளேட்டுகள் போடும் மூலையில் அதைச் சாய்த்து வைத்தேன். நாயுடு வந்தார். ஐந்தையும் பார்த்துவிட்டு, மூலையில் இருந்ததையும் எடுத்தார். கோட்டுக் கையில் வைத்துச் சாய்த்தார். சன்னலுக்குப் போனார், திரும்பி வந்து மறுபடியும் சாய்த்தார். பூதக்கண்ணாடி கேட்டார். அத்தனை வருஷத்தில் அவர் ஒரு பிளேட்டை அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

"இங்க வா" என்றார்.

அவர் காட்டிய இடத்தில் பார்த்தேன். கலைந்து ஆடும் அந்தப் புகைக்கு நடுவில், இரண்டு முழங்கால்களுக்கு இடையே, குளம்பு கல்லில் வெட்டியது போல நின்றது. ஒவ்வொரு சீவலின் விளிம்பும் தெரிந்தது. ஏழு ஆணித்துளைகளை எண்ணலாம். முள்ளின் முனையில் ஒட்டியிருந்த சீழ்த்துளி கூட விழுந்திருந்தது. ஒரு குதிரை முழுதும் நடுங்கும்போது, அதன் ஒரு காலை மட்டும் ஒரு நொடி நேரம் ஒருவர் உலகத்திலிருந்து தனியாகப் பிரித்து வைத்திருந்திருக்கிறார்.

"இதை நீ எடுக்கலப்பா" என்றார் நாயுடு. "அந்த மனுசன் எடுத்துக் குடுத்துருக்காரு. நீ பந்தைத்தான் அமுக்கியிருக்க."

மறுநாள் காரியஸ்தர் வந்தார். மூன்றாவது படத்தை மட்டும் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னார். கடைசிப் படம் ஆடிப்போய்விட்டதாமே, அது வேண்டாம் என்றார். பண்ணை வீட்டில் வைகாசி மாதம் கல்யாணம் வருகிறது என்றும், அதற்கு எந்த ஸ்டுடியோவைக் கூப்பிடுவது என்பது தம் கையில் இருக்கிறது என்றும் சொன்னார்.

நாயுடு அவரை நாற்காலியில் உட்கார வைத்து, வெற்றிலைத் தட்டை நகர்த்தினார். "ஆறு பிளேட்டு செலவாச்சுங்க. ஆறும் வரும்" என்றார்.

"நாலாவதுல ஒண்ணுமே இல்லியேய்யா."

"ஒண்ணும் இல்லைங்கிறதையும் உங்க முதலாளி பாக்கட்டும்."

ஒரே அட்டையில் ஆறையும் வரிசையாக ஒட்டி, கீழே எண் போட்டு, மூன்றாவதின் அடியில் 'கழுவிய தண்ணீர்' என்று தம் கையாலேயே எழுதினார். என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. அது தண்ணீர் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நானும் கேட்கத் துணியவில்லை. அட்டையைப் பண்ணையார் பெயருக்கே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார். அந்தக் கல்யாண வேலை எங்களுக்கு வரவில்லை.

பண்ணையார் ஊர் திரும்பி அட்டையைப் பார்த்ததும், குதிரையைக் கரீம் பாயிடமே ஒப்படைத்தார் என்று கேள்விப்பட்டேன். வாரம் இரண்டு முறை பாய் பஸ்ஸில் போய், புண்ணை வெந்நீரில் கழுவி, வேப்பிலையும் மஞ்சளும் வைத்துக் கட்டிவிட்டு வந்தார். ஒரு மாதம் கழித்து, ஆறாவது படத்தில் ஒரு பிரதி போட்டு எடுத்துக்கொண்டு அவர் பட்டறைக்குப் போனேன். பேட்டையின் குதிரைகள் திரும்பி வந்திருந்தன. மூன்று ஜட்கா காத்துக்கொண்டு நின்றன.

பாய் கையைத் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினார். தம் முகத்தைப் பார்க்கவில்லை. குளம்பை மட்டும் பார்த்தார். வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு சுண்டுவிரல் நகத்தால் ஒரு துளையைத் தொட்டுக் காட்டினார்.

"இதைப் பாத்தீகளா? ஆறாவது ஆணி."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குளம்பின் செத்த ஓட்டுக்கும் உயிருள்ள பகுதிக்கும் எல்லையாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும், ஆணி அந்தக் கோட்டை ஒட்டி வெளியே போக வேண்டும் என்று விளக்கினார். மற்ற ஆறு துளைகளும் அப்படியே இருந்தன. ஆறாவது ஆணியின் துளை மட்டும் ஒரு நூல் உள்ளே தள்ளி இருந்தது.

"சதையில படலை. ஆனா கிட்டப் போயிருச்சு. உருவும்போதே கையில தட்டுப்பட்டுச்சு. முள்ளு வந்ததும் மறந்துட்டேன்." படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "புதன்கிழமை அதுக்குப் புது லாடம் அடிக்கப் போறேன். நீங்களும் வாங்க தம்பி. இதைக் கொண்டு வாங்க."

நாயுடுவிடம் கேட்டுக்கொண்டு, கேமராவோடு போனேன். அதே மரத்தடி. செவலை நான்கு காலிலும் நின்றது. மேலே உரோமம் மினுங்கியது. பண்ணையார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பெரிய மீசை, மெலிந்த உடம்பு. காரியஸ்தர் பின்னால் நின்றார்.

பழுக்கக் காய்ந்த லாடத்தைக் குளம்பில் ஒரு கணம் வைத்து எடுத்தார் பாய். மஞ்சள் புகை எழுந்தது. கருகிய தடம் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்து, அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி வைத்துப் பார்த்தார். லாடம் ஆறியபின் அதற்கும் குளம்புக்கும் நடுவே தோல் ஒன்றை வைத்து, ஆணி அடிக்கத் தொடங்கினார். இரண்டு அடி, ஒரு நிறுத்தம். மறுபடி இரண்டு அடி, ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஓட்டில் போகும் ஆணி கணீரென்று பேசும், உயிர்ப்பக்கம் திரும்பினால் சத்தம் மொத்தென்று அமுங்கிவிடும். சுத்தியல் ஓங்கியபடி, அவர் முகம் முழுதும் காதாக, உயிருள்ள ஒன்றும் அசையாமல் இருந்த அந்த அரை நொடியில் பந்தை அழுத்தினேன். என் வாழ்நாளில் நான் எடுத்த படங்களில் அதற்கு ஈடு இல்லை.

வேலை முடிந்ததும் பாய் படத்தை வாங்கிக்கொண்டு பண்ணையார் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, நொண்டுனது முள்ளால. அது உங்களுக்குத் தெரியும். ஆனா இந்த ஆணி என் தப்பு. ஒரு நூல் உள்ள போயிருக்கு. இன்னொரு மாசம் இருந்துருந்தா இதுவும் வலிச்சிருக்கலாம். சொல்லாமப் போக முடியல."

காரியஸ்தரின் முகம் நிமிர்ந்தது. பண்ணையார் படத்தை வெகு நேரம் பார்த்தார்.

"நீ சொல்லலைன்னா இது யாருக்கும் தெரியாதே பாய்" என்றார்.

"குதிரைக்குத் தெரியும்ல ஐயா."

பண்ணையார் எழுந்துகொண்டார். வேலுவிடம் குதிரையை ஓட்டிக் காட்டச் சொன்னார். கெட்டியான வண்டிப்பாதையில் வேலு அதை ஓட்டிக்கொண்டு போனார். நாங்கள் எல்லோரும் கால்களைப் பார்த்தோம். பாய் மட்டும் முதுகைக் காட்டித் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். போய்த் திரும்பி வரும் வரை அப்படியே நின்றார்.

"நாலும் ஒண்ணாப் பேசுது" என்றார்.

பண்ணையார் அவரைப் பார்த்துக் கைகூப்பினார். அந்தப் பக்கத்தில் அவர் யாருக்கும் கைகூப்பி யாரும் பார்த்ததில்லை என்று வேலு பின்னால் என்னிடம் சொன்னார்.

சாயங்காலம் பஸ்ஸுக்காக ரோட்டோரப் புளியமரத்தடியில் காத்து நின்றோம். மாலை வெயில் கரிசல் காட்டின் மேல் நீளமாகக் கிடந்தது. எனக்கு மனசு பொறுக்கவில்லை.

"பாய், அன்னைக்கு மூணாவது படம். அந்தத் தண்ணி வழிஞ்சது. காரியஸ்தர் சொல்லித்தான் அந்த நேரம் பாத்து எடுத்தேன். அது ரத்தம்னு சொல்லத்தான் கேக்குறாருன்னு தெரிஞ்சே எடுத்தேன்."

"தெரியும் தம்பி. அவரு உங்க காதுல சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

சாக்குப்பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். "குதிரையோட காலு என் மடியில இருந்துச்சுல்ல. காலு மடியில இருக்கும்போது யாரு மேலயும் கோவப்படக் கூடாது. என் தொடையில அது தெரிஞ்சு போகும். நம்ம மேலதான் கோவப்படுறாகன்னு நெனச்சுக்கிரும்."

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. அவர் தோளில் கிடந்த கம்பளித் துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.